எதிராளிகள் கைகோத்தால் வல்லரசின் பிடி எங்கே தளர்கிறது?

கேள்வி: தேர்வு மாணவி, நாகர்கோவில்

குடிமைப் பணித் தேர்வுக்காகப் பன்னாட்டு உறவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றிலுள்ள ஒரு சிறு தீவுக்காகச் சோவியத் படையும் சீனப் படையும் மோதின. அந்தப் பகையைப் பயன்படுத்திக்கொண்டுதான் 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் சென்றார். இன்று ரஷ்யாவும் சீனாவும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும், ஒன்றுக்குப் போர் வந்தால் மற்றது படையனுப்பிக் காக்க வேண்டும் என்ற உடன்படிக்கை அவற்றுக்கிடையே இல்லை. அப்படியிருக்க, இந்த நெருக்கம் அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்கு உண்மையிலேயே இடையூறுதானா?

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குழித்துறை

உடன்படிக்கையைத் தேடாதீர்கள், மக்களே. அச்சம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அவர்களுடைய எல்லையில் இருந்த தகராறு 2008-இல் முழுமையாகத் தீர்ந்தது. அதனால்தான் 2022-இல் தூரக் கிழக்கில் இருந்த படைகளையும் உக்ரைன் போருக்கு நகர்த்த ரஷ்யாவால் முடிந்தது.

அடுத்தது பொருளாதாரத் தடை. எல்லா வாசல்களும் அடைபட்டால்தான் அது தடை. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட இரண்டே மாதங்களில், 2014 மே மாதம், 30 ஆண்டுகளுக்கான எரிவாயு ஒப்பந்தம் சீனாவுடன் கையெழுத்தானது. 2019 டிசம்பரில் குழாயில் எரிவாயு பாயத் தொடங்கியது. 2022-இல் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் ரஷ்ய அந்நியச் செலாவணிக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியபோது, கிழக்கு வாசல் திறந்தே இருந்தது. மறு ஆண்டில் இரு நாட்டு வணிகம் 24,000 கோடி டாலரை எட்டியது. அதில் பெரும்பகுதி ரூபிளிலும் யுவானிலும் நடந்தது. டாலரைக் கொண்டு நெருக்கும் கொள்கைக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறென்ன?

பதில்: மீன் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர், குளச்சல்

சார் சொன்னது சரி. ஆனால், அந்த இருவர் மீதும் செல்லாத அழுத்தம் எங்கே போய் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50 சதவீதம் ஆயிற்று. அதே எண்ணெயை வாங்கிய சீனாவுக்கு அப்போது அந்தத் தண்டனை இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் மோட்டார் காந்தம் போன்றவற்றுக்கு வேண்டிய ஏழு அருமண் தனிமங்களின் (ரேர் எர்த்) ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்து, மோட்டார் வாகன ஆலைகளைத் தவிக்கவிட்டிருந்ததே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. நம் மணவாளக்குறிச்சி மணலில், அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் கனிமம் இருப்பதை 1909-இலேயே ஒரு ஜெர்மானியர் கண்டறிந்தார். ஆனால், அத்தனிமங்களைப் பிரித்துக் காந்தமாக்கும் தொழிலில் சீனாவின் கையே ஓங்கியிருக்கிறது. எதிராளியை நெருக்க முடியாத வல்லரசு, நண்பனை நெருக்கியது. எங்கள் பகுதியில் இறால் உரிக்கப் போகும் பெண்களுக்கு அடுத்த இரண்டு மாதங்கள் வாரத்தில் பாதி நாள்கூட வேலை கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

பதில்: அஞ்சுகிராமம் வாசகர்

அண்ணன் சொன்ன வேதனை எனக்கும் உண்டு. ஆயினும், அந்த நட்பை மிகைப்படுத்திவிடக் கூடாது. கிரிமியா ரஷ்யாவுடையது என்பதைச் சீனா இன்றுவரை ஏற்கவில்லை. சீனாவுடன் எல்லைத் தகராறுள்ள இந்தியாவுக்கு எஸ்-400 ஏவுகணை அமைப்பை விற்றதும், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கூடங்குளம் அணு உலைகளை அமைத்துத் தந்ததும் ரஷ்யாதான். மறுபக்கம், உக்ரைன் போருக்குப் பின் பின்லாந்தும் சுவீடனும் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ படைக் கூட்டணியில் சேர்ந்தன.

கேள்வி கேட்ட மாணவி

அப்படியானால், 1972-இல் நிக்சன் செய்ததைத் திருப்பிப் போட்டு, ரஷ்யாவைச் சீனாவிடமிருந்து இப்போது பிரிக்க முடியுமா, சார்?

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குழித்துறை

விரைவில் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று அந்தப் பிளவை அமெரிக்கா உண்டாக்கவில்லை. இருந்த பிளவுக்குள் நுழைந்தது. இன்றைய மனக்கசப்பு எல்லையில் இல்லை, விலையில் இருக்கிறது. இரண்டாவது எரிவாயுக் குழாய்க்கான விலைப் பேச்சு ஆண்டுக்கணக்காக இழுபட்டதற்கு, வேறு வாங்குவோர் குறைந்துபோன ரஷ்யாவிடம் சீனா காட்டிய கறாரும் ஒரு காரணம். அதைக் கவனித்து வாருங்கள்.