மானெக்‌ஷா ஓய்வு பெற்றாரா இல்லையா? அடக்கம் எங்கே?

குறிஞ்சி_நூலகம்:
பள்ளி ஆண்டுமலருக்கு, 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா பற்றி இரண்டு பக்கம் தயாராகிறது. மூன்று இடத்தில் குழப்பம். 1973 ஜனவரி 15இல் ஓய்வு என்று ஓரிடத்தில் இருக்கிறது, ராணுவத்தின் மிக உயர்ந்த தரமான ஃபீல்ட் மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது என்று இன்னோரிடத்தில். டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவுப் பத்திரம் வாங்கியது இவரா? அடக்கம் குன்னூர் பக்கத்து வெலிங்டனிலா, ஊட்டியிலா?

பழையபட்டாளம்:
இரண்டுமே சரிதான். பதவி வேறு, தரம் வேறு. தலைமைத் தளபதி பதவி 8-6-1969 முதல் 15-1-1973 வரை. அதன்பின் அந்த நாற்காலி ஜெனரல் பேவூருக்குப் போயிற்று. ஃபீல்ட் மார்ஷல் தரமோ 1-1-1973 முதல், ஆயுள் முழுக்க. ஆகவே "ஓய்வு பெற்றார்" என்று எழுதாமல் "தளபதி பொறுப்பிலிருந்து விலகினார்" என்று எழுதுங்கள். ராஷ்டிரபதி பவன் விழா ஜனவரி 3 அன்று. தரம் வழங்கிய தேதியாகச் சிலர் அதைப் போட்டுவிடுகிறார்கள்.

ஓய்வில்லாத தரம் என்பதால் முழுச் சம்பளம் சேர வேண்டும். அது பல ஆண்டு இழுபட்டு, கடைசியில் 2007இல்தான் சுமார் 1.3 கோடி ரூபாய் நிலுவை கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 90க்கு மேல்!

நீலகிரிவாசி:
டாக்காவில் 16-12-1971 அன்று பாகிஸ்தான் தளபதி நியாசியிடம் கையெழுத்து வாங்கியவர் இந்தியப் படையின் கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. மேசையில் இருவரும் உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தின் கீழே "மானெக்‌ஷா" என்று போட்டுவிடாதீர்கள். மலர்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

மானெக்‌ஷாவின் உயிர் பிரிந்தது வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 27-6-2008 அதிகாலை, நிமோனியா, வயது 94. அடக்கம் ஊட்டி பார்சி இடுகாட்டில், 2001இல் காலமான மனைவி சில்லூவின் கல்லறைக்குப் பக்கத்தில். பார்சிகள் என்றாலே அமைதிக் கோபுரம் (உடலைப் பறவைகளுக்கு விடும் இடம்) என்று எழுதிவிடுவார்கள். கோபுரம் இல்லாத ஊர்களில் அவர்கள் புதைப்பதுதான் வழக்கம்.

பழையபட்டாளம்:
இறுதிச் சடங்கு பற்றி ஒரு பத்தி வைப்பதாக இருந்தால்: மத்திய அரசு சார்பில் வந்தவர் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பல்லம் ராஜு. குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை, தேசிய துக்கமும் இல்லை. "விதிமீறல்" என்று எழுதினால் தவறு, கட்டாயம் என்று விதி எதுவும் இல்லை. மனக்குறை நியாயமானதுதான், அதை மனக்குறையாகவே எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் அவர் குண்டடிபட்டதை எழுதும்போது, 22-2-1942, சித்தாங் பாலம் அருகே பகோடா குன்று என்று நாளையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். அவரைச் சுமந்து வந்து மருத்துவரிடம் சேர்த்த சிப்பாய் ஷேர் சிங் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அவர் இல்லையென்றால் 1971க்கு மானெக்‌ஷாவே இல்லை.

குறிஞ்சி_நூலகம்:
நன்றி ஐயா. படக்குறிப்பில் அந்தத் தவறு இருந்தது, மாற்றியாயிற்று.