தோப்பு ரயில் வளைவில் ஏறிக் குதிக்கிறது, சித்திரை வெயிலில் நெளிந்தும் போனது: என்ன செய்யலாம்?

தோப்புவண்டி:

பள்ளத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. பின்கோடியில் கிணறு, முன்னால் சாலையோரம் தேங்காய்க் கொட்டகை, நடுவில் 85 மீட்டர். தலைச்சுமையாகக் காய் கொண்டுவர இப்போது ஆள் கிடைப்பதில்லை. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் செம்மண் சேற்றில் தள்ளுவண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். சரி, நாமே ஒரு குட்டி ரயில் பாதை போட்டுவிடுவோம் என்று தை மாதம் ஆரம்பித்தேன். முப்பது வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த கை, சும்மா இருக்க விடவில்லை. பேரப்பிள்ளைகள் மே லீவுக்கு வருவார்கள் என்பதும் ஒரு காரணம். முக்கியக் காரணமே அதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள், போகட்டும்.

ஒன்றரை இஞ்ச் ஆங்கிளை (L வடிவ இரும்பு) முனை மேலே வரும்படி கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். அதன்மேல் ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் பள்ளச் சக்கரம் ஓடுகிறது. பாதை அகலம் 15 இஞ்ச். இதில் கணக்கு ஒன்றும் கிடையாது. அடியில் குறுக்கே போட, கொட்டகையில் கிடந்த மாங்கட்டைகளுக்கு அந்த அகலம்தான் பொருந்தியது. இணைப்பே தெரியக்கூடாது என்று வெல்டரை உட்காரவைத்து முழுக்க ஓட்டச் சொல்லி, கிரைண்டர் போட்டு வழவழவென்று ஆக்கினேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நேர்பாதையில் 60 காய் ஏற்றினாலும் ஒரு கையால் தள்ளலாம். மாமரத்தைச் சுற்றுகிற வளைவுக்கு (ஆரம் 9 மீட்டர்) வந்தால் சக்கரம் கிறீச்சென்று பிடித்துக்கொள்கிறது. வேகமாகத் தள்ளினால் ஏறிக் குதித்துவிடுகிறது. அப்புறம் சித்திரையில் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால், வளைவுக்கு முன்னால் பாதை ஒரு சாண் பக்கவாட்டில் நெளிந்து பாம்பு படுத்த மாதிரி கிடக்கிறது. சாயங்காலம் பாதி திரும்பியது, பாதி திரும்பவே இல்லை. கட்டைகளில் கரையான் வேறு. பேரன் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது ரயிலா, ராட்டினமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மோட்டார் வைக்கவும் ஆசை. கிணற்றிலிருந்து கொட்டகைக்கு மொத்தம் 1.4 மீட்டர் இறக்கம், ஓஸில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். எங்கே தப்பு?

லேத்கடை:

அண்ணே, கேட் சக்கரம் கேட்டுக்குத்தான். கேட் நேராக ஓடும், வளையாது. பள்ளச் சக்கரம் ஆங்கிளை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். வலது பக்கமும் கவ்வல், இடது பக்கமும் கவ்வல் என்றால் பாதை அகலம் எங்காவது 2 மி.மீ. மாறினால்கூட ஒரு சக்கரம் சரிவில் ஏறித்தான் ஆகணும். உங்களுக்குக் குதிக்கிறது அதனால்தான்.

ரயில் சக்கரத்துக்கு உள்பக்கம் மட்டும்தான் விளிம்பு. ஓடுகிற பரப்பை 3 டிகிரி சாய்வாகக் கடையணும், விளிம்பு பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சிறிசு. விளிம்பு 8 மி.மீ. உயரம் போதும். விளிம்பு அடிவாரத்தை மட்டும் கூராக விடாமல் உருட்டி எடுக்கச் சொல்லுங்கள், ஏறுவது அங்கேதான் ஆரம்பிக்கும். 25 மி.மீ. பிளேட்டில் கேஸ் கட்டிங் போட்டு வட்டம் எடுத்து லேத்தில் ஏற்றினால் ஒரு நாளில் எட்டுச் சக்கரம் வரும்.

இன்னொன்று. கால்வட்டம் திரும்பினால் உங்கள் 15 இஞ்சுக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 60 செ.மீ. கூடுதலாக ஓடியாக வேண்டும். ஆரம் எவ்வளவு ஆனாலும் அதே 60தான். பெரிய ரயிலில் சாய்வு அதைச் சமாளிக்கும், 9 மீட்டர் ஆரத்தில் சாய்வு மட்டும் பத்தாது. அதனால் பெட்டிகளில் ஒரு சக்கரத்தை அச்சோடு இறுக்கி, மற்றதை பேரிங்கில் சும்மா சுற்ற விடுங்கள்.

பெட்டி அடிச்சட்டம் நாலு சக்கரத்துக்கும் ஒரே இறுக்கமா? அப்படியானால் அதுவும் தப்பு. நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. முன் அச்சை நடுவில் ஒரே போல்ட்டில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் ஏறி இறங்க விட்டால் வண்டி முக்காலி ஆகிவிடும். தரை எப்படி இருந்தாலும் நாலு சக்கரமும் இரும்பில் உட்காரும்.

மீட்டர்கேஜ்:

காரைக்குடி–திருவாரூர் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் நான் கீமேன், தண்டவாளத்தைச் சரிபார்க்கும் வேலை. சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டு தினம் நடந்தவன் என்பதால் சொல்கிறேன், நீங்கள் பெருமைப்பட்ட அந்த வெல்டிங்தான் பாதையை நெளியவைத்தது.

இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் 0.012 மி.மீ. நீளும். கேட்டால் ஒன்றுமில்லை போலிருக்கும். விடியக்காலை 27 டிகிரி, சித்திரை மத்தியானம் வெயிலில் காயும் இரும்பு 60ஐத் தொடும். 85 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 3 செ.மீ.க்கு மேல் வருகிறது. அது எங்கே போகும்? முன்னும் பின்னும் வழியில்லை என்றால் பக்கவாட்டில்தான் போகும். பெரிய ரயிலிலும் நீளமாக வெல்டிங் செய்கிறார்கள், ஆனால் அங்கே கனமான ஸ்லீப்பரும் தோள்வரை ஜல்லியும் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. உங்களிடம் மாங்கட்டையும் செம்மண்ணும்.

6 மீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டில் ஒரு பக்கத் துளையை மட்டும் நீளவாக்கில் போடுங்கள், போல்ட்டை முறுக்கிக் கட்டாமல் நழுவ விடுங்கள். விடியற்காலையில் போட்டால் இரண்டரை மி.மீ. இடைவெளி. நாலு ஹாக்ஸா பிளேடை அடுக்கி நடுவில் சொருகிப் போட்டு, அப்புறம் உருவிவிட்டால் சரியாக வரும். உச்சிவெயிலில் போட்டால் ஒட்டியே போடுங்கள். எத்தனை மணிக்குப் போட்டோம் என்பதுதான் கணக்கு.

தண்டவாளமாக 32க்கு 10 மி.மீ. இரும்புப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு வரிசைக்கும் 427 கிலோ வரும். பழைய ஆங்கிளைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெட்டி, அரை மீட்டருக்கு ஒன்று ஸ்லீப்பராக அடியில் வெல்டிங் செய்யுங்கள். கரையானுக்கு இரும்பு பிடிக்காது. வளைவில் மட்டும் அகலத்தை 3 மி.மீ. கூட்டுங்கள். நடை வேகத்துக்கு வெளித் தண்டவாளத்தை உயர்த்தவெல்லாம் வேண்டாம். அடியில் நாலு இஞ்ச் கனத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. முதல் மழைக்கு அப்புறம் ஒரு தடவை கடப்பாரையால் ஜல்லியை ஸ்லீப்பருக்கு அடியில் குத்தி இறுக்கணும். அதைச் செய்யாமல் சக்கரத்தைக் குறை சொல்லக்கூடாது.

ஊரணிக்கரை:

ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாது. 85 மீட்டர் நீளத்துக்கு ஜல்லிக் கரை போட்டால் அது ஒரு வரப்பு. உங்கள் தோப்பு வழியாக ஊரணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் போகிறதா பாருங்கள். போனால் அந்த இடத்தில் குழாய் பதித்துவிட்டு மேலே பாதை போடுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் வேலிக்கு மண் அணைத்ததில் ஒரு மழைக்காலம் முழுக்க ஊரணி பாதிகூட நிறையவில்லை.

பேட்டரிக்காரன்:

15 இஞ்ச் உங்களுக்குத் தற்செயலாக வந்தாலும் நல்ல அகலம். இங்கிலாந்தில் ஆர்தர் ஹேவுட் என்பவர் 1874இல் டஃபீல்ட் பேங்க்கில் தன் வீட்டு நிலத்தில் போட்டதும் 15 இஞ்ச்தான். முதலில் 9 இஞ்சில் போட்டு, ஆட்டம் அதிகம் என்று கைவிட்டவர். பண்ணை வேலைக்கு இதற்குக் கீழே போனால் சரிவராது என்பது அவர் கணக்கு.

மோட்டார் விஷயம். 85க்கு 1.4 என்றால் 60க்கு 1 ஏற்றம். ஊட்டி ரயில் பல் சக்கரம் வைத்து 12க்கு 1 ஏறுகிறது, நீங்கள் பயப்படவே வேண்டாம். இன்ஜின், பெட்டி, காய் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைத்தால் ஏற்றத்துக்கு 8 கிலோ, உராய்வுக்குத் தாராளமாக 10 கிலோ இழுவை. 20 என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கி.மீ. வேகத்துக்கு 330 வாட் போதும். இ-ரிக்‌ஷாவின் 48 வோல்ட், 1000 வாட் மோட்டார் தூங்கிக்கொண்டே இழுக்கும்.

கஷ்டம் வழுக்கலில்தான். காய்ந்த இரும்பில் இரும்பு, எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுக்கும். ஈர மாவிலை ஒட்டினால் அதில் பாதி. அப்படியென்றால் ஓட்டும் சக்கரங்கள் மேல் 200 கிலோ வேண்டும். நாலு பேட்டரியே சுமார் 120 கிலோ, அதை நேராகச் சக்கரத்துக்கு மேல் வையுங்கள். மிச்சத்துக்கு மணல் மூட்டை.

பிரேக் இல்லாமல் ஓட்டாதீர்கள் ஐயா. காய் ஏற்றிய வண்டி இறக்கத்தில் வருகிறது. நல்ல பேரிங் போட்டதும் உராய்வு குறைந்து தானாகவே உருள ஆரம்பிக்கும். இன்ஜினில் ஒன்று, பெட்டியில் தனியாக ஒன்று. பிள்ளைகளுக்குப் பக்கச் சுவர் வைத்த தாழ்வான பெட்டி போடுங்கள், கால் வெளியே தொங்கக்கூடாது. காய் இருக்கும் நாளில் அவர்களை ஏற்றவே வேண்டாம்.

தோப்புவண்டி:

எல்லோருக்கும் நன்றி. வரத்துக்கால் இருக்கிறது, கிணற்றுக்கு 20 மீட்டர் இந்தப் பக்கம். நான் அதை வெறும் பள்ளம் என்று நினைத்து ஜல்லி கொட்ட இருந்தேன். எட்டு இஞ்ச் குழாய் இரண்டு பதித்தாயிற்று.

முன் அச்சை ஒரே போல்ட்டில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரத்துக்கு அடியில் ஆத்தங்குடிக் கல் துண்டு ஒன்றைச் செருகினால் முன்பெல்லாம் பக்கத்துச் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கும், காகிதம் விட்டால் உள்ளே போய்விடும். இப்போது போகவில்லை.

இன்று காலை வெல்டர் வந்திருந்தார். நாலு ஹாக்ஸா பிளேடைக் கையில் கொடுத்து, இந்த அளவு இடைவெளி விடுங்கள் என்றேன். பிளேடையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போன தடவை ஒரு நூல் இடைவெளி தெரிஞ்சதுக்கு என்னைத் திரும்பப் போடச் சொன்னீங்களே?" என்கிறார்.