அறுபத்து மூவர் அன்று நீர்மோர் கொடுக்க யோசனை சொல்லுங்கள்

மாடவீதிவாசி:
மயிலாப்பூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் அன்று, எங்கள் குடியிருப்பு வாசலில் நீர்மோர் கொடுக்கலாம் என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசியிருக்கிறோம். போன வருடம் ராத்திரி வீதி முழுக்கக் கப்பும் தொன்னையுமாகக் கிடந்ததைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. குப்பை சேராமல் எப்படிச் செய்வது?

குளக்கரை:
ரொம்ப நல்ல காரியம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் வேண்டவே வேண்டாம், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் ஐம்பது வாங்குங்கள், கழுவ இரண்டு பேர் மாற்றி மாற்றி நின்றால் போதும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய மயிலை:
தயிர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் காலையிலேயே இறக்கிவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது. அப்புறம், ராத்திரி பெருக்க வருகிற துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒரு பானை மோரைத் தனியாக எடுத்து வையுங்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

மாடவீதிவாசி:
சரி, இரண்டு பானையாகவே வைக்கிறோம். டம்ளர் வாங்க நாளைக்கே போகிறேன்.