முழங்கால் சில்லுக்குக் கீழே வலி: ஓட்டப் பயிற்சி அறிந்தவர்களிடம் உதவி கோருகிறேன்

வணக்கம். காவலர் உடற்தகுதித் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்தை 7 நிமிடங்களுக்குள் முடிப்பதற்காகக் கிருஷ்ணகிரியில் பயிற்சி எடுத்துவரும் என் தம்பிக்கு, இடது முழங்கால் சில்லின் கீழ்விளிம்பில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி இருக்கிறது. ஓடத் தொடங்கும்போது உறுத்தி, உடல் சூடேறியதும் அடங்கி, மறுநாள் காலையில் படியிறங்கும்போது கூடுகிறது. வீக்கமோ, சில்லைச் சுற்றிப் பரவலான வலியோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ இல்லாததால், இது தசைநாண் (தசையை எலும்புடன் இணைக்கும் நார்) பாதிப்பு என்றே இயன்முறை மருத்துவர் கருதுகிறார்.

ஓட்டத்தை முழுவதும் நிறுத்தினால் தசைநாண் மேலும் வலுவிழக்கும் என்று கூறி, சரிவில் இறங்கி ஓடுவதையும் குதிப்பதையும் மட்டும் தவிர்த்து, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி நிலையில் 45 விநாடிகள் வீதம் 5 முறை நிற்கச் சொல்லியிருக்கிறார். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் தணிந்தால் தொடரலாமாம். மைதானத்தில் சிலர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு ஊசியில் எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. அது தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும்.

இவ்வலியிலிருந்து மீண்டவர்கள், எடை தூக்கும் பயிற்சிக்கு எந்தக் கட்டத்தில் மாறினீர்கள், வேக ஓட்டத்தை எப்போது மீண்டும் தொடங்கினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். தருமபுரி, ஓசூர் பக்கம் ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய இயன்முறை மருத்துவர் எவரேனும் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.