பழைய எஃகுப் பாய்மரப் படகு: சீர்செய்தவர்களும் பார்த்தவர்களும் அனுபவத்தைப் பகிருங்கள்

நெதர்லாந்தில் ஃப்ரீஸ்லாந்து பக்கம் இருக்கிறேன். ஏரியும் கால்வாயுமாக உள்ள ஊர். ஃபைபர் படகுகள் நிறைய உண்டு. ஆனாலும் இங்கே எஃகுப் படகுக்குத் தனி மரியாதை. கூட வேலை செய்யும் டச்சு நண்பர் ஒருவர் 1970களில் கட்டிய பத்து மீட்டர் பாய்மரப் படகை வாங்கினார். சனி, ஞாயிறுகளில் நானும் கூடப் போய் நின்றேன். அந்த அனுபவம்தான் இது.

வெளியே பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பெயின்ட் அவ்வளவு வழுவழுப்பு. கரையேற்றி, அல்ட்ராசோனிக் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனை அளந்தோம். கட்டும்போது அடிப்பகுதிக்கு 5 மி.மீ., பக்கங்களுக்கு 4 மி.மீ. தகடு போட்டிருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் தேய்மானம் சொல்லும்படி இல்லை. கழிப்பறைக்கு நேர் கீழே வந்ததும் அளவு 2 மி.மீ. பக்கம் இறங்கிவிட்டது. நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறைக்குக் கீழேயும் அதே கதை.

காரணம் உள்ளே இருந்தது. எஃகுப் படகைக் கடல் வெளியிலிருந்து தின்பதைவிட, உள்ளே தேங்கும் தண்ணீர் தின்பதுதான் அதிகம். குளிர்காலத்தில் தகட்டின் உள்பக்கம் வியர்த்து வழியும். அந்தத் தண்ணீர் படகின் அடிக்கு ஓட, குறுக்குச் சட்டங்களின் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். இந்தப் படகில் அவை பழைய பெயின்ட்டாலும் தூசியாலும் அடைத்துப்போயிருந்தன. நண்பர் ஒரு ஓட்டையில் ஸ்க்ரூட்ரைவரை விட்டுக் குத்தினார். கறுப்புத் தண்ணீர் வந்தது, நாற்றம் தாங்கவில்லை. சட்டத்தின் ஓரத்தில் சுத்தியலால் தட்டியபோது, பழைய ஓலைச்சுவடிக் கட்டு பிரிவதுபோல் துரு அடுக்கடுக்காக உதிர்ந்தது.

அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். விரல் தடிமனுக்குத் துரு வந்தாலும் கீழே நல்ல தகடு மிச்சமிருக்கலாம். அளக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் எல்லாம் தூசி, சத்தம், முகமூடி. வெளிப்பக்கத்தை, மணலைப் பீய்ச்சித் துருவையும் பெயின்ட்டையும் எடுக்கும் ஆட்களிடம் விட்டோம். வெள்ளையாகத் தெரிகிற தகடு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பாகத் தொடங்கும். அதனால் பொழுது சாய்வதற்குள் துருவைத் தடுக்கும் முதல் பூச்சான எபாக்ஸி பிரைமர் ஏறியாக வேண்டும். வெட்டிப் புதுத் தகடு வைக்கும் வேலை இனிமேல்தான். இங்கே வெல்டர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

*

நான் பிரான்சில் இருக்கிறேன். லா ரோஷெல் துறைமுகத்தில் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ‘ஜோஷுவா’ என்ற சிவப்புப் படகைப் பார்த்தேன். இரண்டு பாய்மரம், சுமார் 12 மீட்டர் நீளம். பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சு மாலுமி 1962இல் கட்டுவித்தது. அதற்கு முன்னம் அவர் இரண்டு மரப் படகுகளை இழந்தவர். முதலாவது 1952இல் எங்கட இந்து சமுத்திரத்தில், டியாகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. இரண்டும் போன பிறகே எஃகு. கடலுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத உள்நாட்டில், கொதிகலன் வேலை செய்யும் ஒரு பட்டறையில் உருவான படகு அது.

1968இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் முதல் போட்டியில் இதிலேதான் போனார். வெல்லக்கூடிய நிலையில் இருந்தும் போட்டியை விட்டுவிட்டுப் பசிபிக் கடலில் உள்ள தஹித்தித் தீவு வரை ஓடினார். 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் புயல் அடித்து, பல படகுகளோடு இதையும் கரையில் தூக்கிப் போட்டது. பாய்மரங்கள் போய், உள்ளே மணல் நிரம்பிக் கிடந்த படகைப் பெயருக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்துவிட்டார். வாங்கினவர்கள் அதை மீட்டு மிதக்க விட்டார்கள். 1990இல் அருங்காட்சியகம் வாங்கிச் சீர்செய்தது. இன்றைக்கும் பாய் விரித்துக் கடலில் ஓடுகிறது.

அலை தூக்கி அடித்த மரப் படகு என்றால் பலகை பலகையாகப் போயிருக்கும். எஃகு நெளியும், நெளிந்ததை நிமிர்த்தலாம், முடியாததை வெட்டி மாற்றலாம். அந்தப் படகின் பக்கத்தில் நின்றபோது கையை வைத்துத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

*

தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். முதலில் ஒன்று: தேய்ந்த தகட்டின் மேலே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கினால் வெளியே தெரியாமல் அரிக்கும். கெட்ட பாகத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் துண்டு வைத்துத்தான் இணைக்க வேண்டும். துண்டின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் போட்டால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஆற விட்டுச் செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியம், உள்ளே குளிருக்காக அடித்திருக்கும் ஃபோம். வெல்டிங் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், புகையில் விஷம். வெட்டுகிற இடத்தைச் சுற்றித் தாராளமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு ஆள் தண்ணீரும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். வேலை முடிந்த உடனே அவரை அனுப்பிவிடாதீர்கள். நெருப்பு கனன்றுகொண்டிருந்து பிறகு எழும். பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

*

ரொம்ப நன்றி அண்ணா. மேலே தகடு வைத்து ஒட்டும் யோசனையைத்தான் இங்கே ஒருவர் சொன்னார். நண்பரிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனோடு பற்றியும் ஒரு வார்த்தை. எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து படகைக் காப்பாற்றும் உலோகத் துண்டு அது. கடல் நீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். 1932இல் பெரிய அணை கட்டியதிலிருந்து இங்குள்ள ஐசல்மீர் நன்னீர் ஏரிதான், ஆனால் மதகைத் தாண்டினால் உப்புக் கடல். மக்னீசியத்தோடு கடலுக்குப் போனால் மளமளவென்று கரையும், பெயின்ட்டையும் தூக்கிவிடும். இரண்டு பக்கமும் போகிற படகு என்பதால் அலுமினிய ஆனோடு வாங்கியிருக்கிறோம்.

அடுத்த வேலை மேல்தளம். எஃகின் மேல் தேக்குப் பலகையை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தண்ணீர் இறங்க ஒரு வழி. பலகையை முழுக்க எடுத்துவிட்டு வெறும் பெயின்ட் அடிப்பதா, மறுபடி தேக்கே போடுவதா என்று நண்பர் யோசிக்கிறார். தேக்கை எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அடியில் தகடு எந்த நிலையில் இருந்தது என்று எழுதுங்கள்.