தேவிகுளம், பீர்மேடு ஏன் நமக்கு வரல?

மலையோரம்:
1956 நவம்பர் 1ல மொழிவாரியா பிரிச்சப்போ தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகா எல்லாம் நம்ம தமிழ்நாட்டு பக்கம் வந்துச்சு. தமிழாளுங்க அதிகமா இருந்த மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் கேரளாவோட போயிடுச்சு. மொழிதான் கணக்குன்னா இது எப்படிங்க?

பழையபேப்பர்:
மொழி மட்டுமே கணக்கு கிடையாது சார். மாநிலங்கள எப்படி பிரிக்கலாம்னு பாத்த பசல் அலி கமிஷன் ரிப்போர்ட்டுலயே இருக்கு, அங்க இருக்கிற தமிழங்க பெரும்பாலும் எஸ்டேட் வேலைக்கு வந்து போறவங்கன்னு ஒரு காரணம், திருவிதாங்கூர்-கொச்சிக்கு (கேரளாவுக்கு முன்னாடி இருந்த மாநிலம்) அந்த மலை பொருளாதார ரீதியா தேவைன்னு இன்னொன்னு. பரம்பரையா தேயிலைக் கொழுந்து பறிச்சவங்கள வந்து போறவங்கன்னு எழுதினது என்னைக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

தணிகைக்காரன்:
வடக்கு எல்லைல கதையே வேற. 1953ல ஆந்திரா பிரிஞ்சப்போ சித்தூர் ஜில்லா மொத்தமா அங்க போச்சு, ம.பொ.சி. எல்லாம் போராடி, அப்புறம் எல்லைத் தகராறுக்கு மத்தியஸ்தரா வந்த படாஸ்கர் கிராமத்த யூனிட்டா வச்சு எந்த ஊர்ல எந்த பாஷை அதிகம், ஒட்டி இருக்கான்னு பாத்தாரு, 1960ல திருத்தணி வந்துச்சு, திருப்பதி வரல. தாலுகாவ வச்சு பாத்தா ஒரு விடை, கிராமத்த வச்சு பாத்தா வேற விடை.

மலையோரம்:
இப்ப மாத்த முடியுமா?

பழையபேப்பர்:
சட்டப்படி முடியும். அரசியல் சாசனம் 3வது பிரிவு, பார்லிமென்ட்ல சாதா மெஜாரிட்டி போதும், சம்பந்தப்பட்ட சட்டசபைகிட்ட கருத்து கேக்கணும், சம்மதம் தேவையில்ல. 2014ல ஆந்திரா சட்டசபை வேணாம்னு சொல்லியும் தெலங்கானா பிரிஞ்சுதே. ஆனா எல்லைல கைவைக்க எந்த கட்சியும் வராது, ஓட்டு போயிடும்.