ராகி பிரெட்டில் குவார் கம் சேர்க்கலாமா?

கேள்வி (பாலக்கோடு)
மகளிர் குழுவாகச் சேர்ந்து, மைதா கலக்காத ராகி பிரெட் சுட்டு விற்று வருகிறோம். சூட்டோடு எடுக்கும்போது நன்றாக எழும்பியிருக்கும் பிரெட், ஆறியபின் கத்தி பட்டதும் நடுவே பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. பேக்கரிப் பொருள் விற்கும் தருமபுரிக் கடைக்காரர் குவார் கம் பொடியைச் சேர்க்கச் சொல்கிறார். அது நார்ச்சத்து என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதென்று பாக்கெட்டிலேயே அச்சடிக்கலாம் என்கிறார். எங்களிடம் வாங்குவோரில் பெரும்பாலோர் சர்க்கரை நோய் உள்ளவர்கள். இது ரசாயனமா, எவ்வளவு சேர்க்க வேண்டும், அவர் சொல்வது சரிதானா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓசூர், உணவுத் தொழில்நுட்பம்)
வணக்கம் அம்மா. நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரையின் முற்றிய விதையில், தோலையும் முளையையும் நீக்கிவிட்டு, இடையில் உள்ள பருப்புப் பகுதியை அரைத்தெடுப்பதுதான் குவார் கம். உலகத் தேவையின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, அதிலும் முக்கியமாக ராஜஸ்தானின் வறண்ட நிலங்களிலிருந்து போகிறது. ஐஸ்கிரீம் அட்டையில் 412 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இதுவே.

கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கிறது. ராகியில் குளூட்டன் இல்லாததால்தான் உங்கள் பிரெட் உதிர்கிறது. குவார் கம்மில் உள்ள கேலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து தண்ணீரை இழுத்துக் குழகுழப்பாகி, அந்தப் பிடிப்பை ஓரளவு தருகிறது. 100 கிராம் மாவுக்கு அரை கிராம் முதல் 1 கிராம் வரை போதும். மிகுந்தால் பிரெட் பிசுபிசுக்கும். பொடியை நேரே தண்ணீரில் கொட்டினால், மேற்புறம் மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்த கட்டிகள் நின்றுவிடும்; ஆகவே உலர்ந்த மாவோடு கலந்து இரண்டு முறை சலித்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

மறுமொழி 2 (கிருஷ்ணகிரி, உணவியல் ஆலோசகர்)
சேர்ப்பதில் தவறில்லை; ஆனால் அந்த வாசகத்தை மட்டும் தயவுசெய்து அச்சடிக்க வேண்டாம். குவார் கம் கரையும் நார்ச்சத்துதான். குடலில் உணவைக் கெட்டிப்படுத்தி, சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்பதும், கெட்ட கொழுப்பைச் சற்றுக் குறைக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் அத்தகைய ஆய்வுகளில் நாளொன்றுக்குப் பல கிராம் கொடுத்தார்கள். உங்கள் பிரெட்டின் இரண்டு துண்டுகளில் 30 கிராம் மாவு இருந்தால், குவார் கம் அதிகபட்சம் 0.3 கிராம்தான். ராகியிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதே ராகியில் மாவுச்சத்தும் நிறைய இருப்பதால், நோயாளிகள் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

நார்ச்சத்து என்ற பேச்சைக் கேட்டு, யாரும் இந்தப் பொடியை உலர்ந்தபடியே விழுங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க விற்ற குவார் கம் மாத்திரைகள் உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொண்டதால், 1990 வாக்கில் அரசே தலையிட வேண்டியிருந்தது. மாவோடு நனைந்து வெந்த பிரெட்டில் அந்த ஆபத்து இல்லை.

மறுமொழி 3 (அரூர்)
எங்கள் தோட்டத்தில் கொத்தவரை முற்றிக் காய்ந்து வீணாகிறது. அந்த விதையை மாவு மில்லில் அரைத்தே சேர்க்கலாமா?

மறுமொழி 4 (ஓசூர்)
வேண்டாம் ஐயா. முழு விதையாக அரைத்தால் தோலும் முளையும் சேர்ந்துவிடும். கசப்போடு, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் அதில் உண்டு. ஆலைகளில் பிரித்தெடுக்கும் அந்தப் பகுதி மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகிறது. உணவுத் தரம் என்று குறித்து விற்கும் பொடியையே வாங்குங்கள். இதே பொடி எண்ணெய்க் கிணறுகளுக்கும் துணி அச்சுக்கும் வேறு தரத்தில் விற்கப்படுகிறது. பாலக்கோட்டு அம்மா, உங்கள் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலில் ‘கெட்டிப்படுத்தி (412)’ என்று எழுதிவிடுங்கள்.